கணக்கில் தேறுவதற்கு முன் மனம் தேற வேண்டும்

தோட்டப்புறத்தில் கணக்கு என்றாலே ஒரு காலத்தில் நம் நினைவுக்கு வந்தவர் கிராணியார்தான். பெரட்டில் பெயர் குறிப்பது, பால் எடையை எழுதுவது, சம்பளக் கணக்குப் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அந்தக் கணக்குப் புத்தகத்தின் முன் கைகட்டி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று பெரிய பெரிய நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் படிப்பைப் படிக்கிறார்கள். நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அந்தப் படிப்பு எப்படிப்பட்டது, படிக்கும் பிள்ளை என்ன பாடுபடுகிறது என்பதை வீட்டில் உள்ள நாம் அறிந்திருக்கிறோமா?

பட்டத்திற்குப் பிறகும் படிப்பு

பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பட்டம் வாங்கியதுமே எல்லாம் முடிந்தது என்று பெற்றோர் நினைக்கிறார்கள். உண்மையில் பலர் அதற்குப் பிறகுதான் தொழில்முறைத் தேர்வில் இறங்குகிறார்கள். அவற்றுள் ஒன்று, 1904-ஆம் ஆண்டில் லண்டனில் தோன்றிய ஏ.சி.சி.ஏ. சங்கத்தின் தேர்வு. மொத்தம் 13 தாள்கள். அங்கீகாரம் பெற்ற பட்டம் உள்ளவர்களுக்கு 9 தாள்கள் வரை விலக்கு உண்டு. மீதி நான்குதானே என்று எண்ணிவிடக் கூடாது. எல்லாவற்றிலும் கடினமானவை அந்த நான்குதான்.

100-க்கு 50 எடுத்தால் தேர்ச்சி. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் மேல்நிலைத் தணிக்கைத் தாளை எழுதுகிறவர்களில், உலக அளவில் ஒரு தவணைக்குப் பாதிப் பேர்கூடத் தேறுவதில்லை. ஆகவே ஒரு தாளில் தவறுவது அவமானமன்று. அந்தப் பாதையில் பலரும் தடுக்கி எழுந்த இடம் அது.

இதோடு மூன்றாண்டு வேலை அனுபவமும் வேண்டும். பகலில் தணிக்கை அலுவலகம், இரவில் புத்தகம் என்று பலருக்கு நாள் ஓடுகிறது. பல நிறுவனங்கள் டிசம்பர் 31-இல் கணக்கை முடிப்பதால், ஜனவரி முதல் ஏப்ரல் வரை அலுவலகத்தில் நள்ளிரவுவரை விளக்கெரியும். வீட்டுக்கு அனுப்பும் பணம், கல்விக் கடன், அறை வாடகை ஆகிய கவலைகளும் தலைக்கு மேல் நிற்கும்.

மறைப்பதே பெரிய சுமை

என்னிடம் ஆரம்பப் பள்ளியில் படித்த ஒரு பையன், இரண்டு தீபாவளிக்குத் தோட்டத்திற்கு வரவில்லை. வேலை அதிகம் என்று காரணம் சொன்னான். உண்மையில் ஒரு தாளில் இரண்டு முறை தவறியிருந்தான். "எப்பய்யா படிச்சு முடிப்பே?" என்று அத்தையும் மாமாவும் கேட்பார்களே என்ற கூச்சம் அவனுக்கு. தேர்வின் பயத்தைவிட, வீட்டுக்கு மறைத்த பயமே அவன் தூக்கத்தைக் கெடுத்தது.

விஷயம் தெரிந்தபோது, பால்மரம் வெட்டியே பிள்ளைகளை ஆளாக்கிய அவன் தகப்பனார் கோபிக்கவில்லை. "மழை பேஞ்சா மரம் வெட்ட முடியாது. அதுக்காக மரமே போச்சுன்னா சொல்றோம்? மறுநாள் போறோம்ல?" என்றார். அடுத்த தவணையிலும் அவனுக்கு மூன்று மதிப்பெண் குறைந்தது. ஆனால் அன்றிரவே வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டான். அதற்கடுத்த தவணையில் தேறினான்.

மாணவர்களுக்குச் சில யோசனைகள்

தேர்வு மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என ஆண்டுக்கு நான்கு முறை நடக்கிறது. தணிக்கை வேலையில் இருப்பவர்கள் மார்ச் மாதத்தைத் தவிர்ப்பது நல்லது. மேல்நிலைத் தாள்களுக்கு ஏழாண்டு அவகாசம் உண்டு. நண்பன் இரண்டு தாள் எழுதுகிறான் என்பதற்காக நீங்களும் எழுத வேண்டியதில்லை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

தேர்வு நேரம் 3 மணி 15 நிமிடம், அதாவது 195 நிமிடம். ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடத்திற்கும் சற்றுக் குறைவு. 20 மதிப்பெண் கேள்விக்கு 39 நிமிடம் முடிந்ததும் அடுத்ததற்குப் போய்விடுங்கள். ஒரே கேள்வியில் சிக்கிக்கொள்வதால்தான் தேர்வு மண்டபத்தில் பலருக்குக் கை நடுங்குகிறது. வீட்டிலேயே கடிகாரத்தை வைத்துப் பழகினால் இந்தப் பதற்றம் குறையும்.

மதிப்பெண் போனால், ஏன் போனது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பாடம் தெரியவில்லையா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா, நேரம் போதவில்லையா? காரணம் தெரிந்துவிட்டால், "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் தானே விலகும்.

கோப்பியும் மேகியும் மட்டும் உண்டு, விடிய விடிய விழித்திருப்பது படிப்பாகாது. படித்தது மனத்தில் பதிவதற்கும் தூக்கம் வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பிள்ளை தொலைபேசியில் அழைத்தால், "முடிச்சிட்டியா?" என்று கேட்பதற்கு முன் "சாப்பிட்டியா, தூங்கினியா?" என்று கேளுங்கள். தேர்வு முடிவு வரும் முன்பே அண்டை வீட்டாரிடம் சொல்லிப் பெருமைப்பட வேண்டாம். வீட்டுச் செலவு எதையாவது ஆறு மாதம் தள்ளிப்போட முடிந்தால், அந்தப் பாரத்தைப் பிள்ளையின் தோளிலிருந்து இறக்கி வையுங்கள்.

இரண்டு வாரத்திற்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரோடும் பேச்சில்லை என்றால் அதைச் சோம்பேறித்தனம் என்று ஏசாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வாழ்ந்து பயனில்லை என்று பிள்ளை ஒரு வார்த்தை சொன்னாலும், தனியே விடாதீர்கள். கோலாலம்பூரில் 1970 முதல் இயங்கிவரும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் எந்நேரமும் அழைத்து மனம்விட்டுப் பேசலாம்.

தவறிய தாளை மறு தவணையில் எழுதிக்கொள்ளலாம். தவறிவிட்டேன் என்று பிள்ளை பயமின்றி வந்து சொல்லக்கூடிய வீடாக நம் வீடு இருக்க வேண்டும். அதற்குப் பெற்றோர் பெரிய படிப்புப் படித்திருக்க வேண்டியதில்லை.