திருத்தம் கேட்பது குறைவல்ல: ஆய்வு மாணவர்களின் இணையவழிப் பட்டறைகள்

முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். இஷா தொழுகை முடிந்து, எல்லோரும் சாப்பிட்ட பிறகு மகள் லேப்டாப்பைத் திறந்து அமர்கிறாள். திரையில் யார் யாரோ பேசுகிறார்கள், இவள் குறிப்பெடுக்கிறாள். "இந்நேரத்தில் என்ன வகுப்பு?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள்.

அது வகுப்பல்ல, ஆய்வு மாணவர்கள் ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துத் திருத்தம் சொல்லும் பட்டறை. பொதுக் கொள்கை, பொது நிர்வாகம் ஆகிய துறைகளில் இது இப்போது பரவலாக நடக்கிறது. அரசுத் திட்டம் எப்படி உருவாகிறது, அது உரியவரைச் சென்றடைகிறதா, எங்கே தடைபடுகிறது என்று ஆராயும் துறைகள் இவை.

நடைமுறை எளிது. நான்கைந்து மாணவர்கள் தங்கள் ஆய்வின் ஓர் அத்தியாயத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். எல்லோரும் எல்லாவற்றையும் படித்து வருவார்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் கருத்துரைக்க ஒரு பேராசிரியரோ மூத்த ஆய்வாளரோ பொறுப்பேற்பார். எழுதியவர் சில நிமிடங்கள் பேசிவிட்டு, பிறர் சொல்வதைக் கேட்க வேண்டும். தற்காப்பு வாதம் அங்கே பயன் தராது.

ஓர் உதாரணம் பார்ப்போம். தமிழகத்தில் 2007இல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அதன் பின் கல்லூரிகளில் நம் மாணவர்கள் கூடியிருந்தால், "இட ஒதுக்கீட்டால் கூடினார்கள்" என்று ஒருவர் எழுதிவிடலாம். பட்டறையில் ஒருவர் கேட்பார்: "அதே ஆண்டுகளில் கல்லூரிகளும் பெருகினவே? மற்ற சமுதாயங்களிலும் மாணவர்கள் கூடினார்களா? ஒதுக்கீட்டின் பங்கை எப்படித் தனியே பிரித்துக் காட்டுவீர்கள்?" இந்தக் கேள்வி கசக்கும். ஆனால் இது நண்பர்கள் மத்தியில் வராவிட்டால், நாளை ஒதுக்கீட்டை எதிர்ப்பவர் வாயிலிருந்து வரும். அப்போது திருத்த அவகாசம் இருக்காது. 2006இல் வந்த சச்சார் குழு அறிக்கை இன்றும் மேற்கோள் காட்டப்படுவதற்குக் காரணம், அது புலம்பலை அல்ல, புள்ளிவிவரத்தை முன்வைத்தது என்பதே.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. ஹதீஸ் கலையில், மாணவர் தாம் எழுதிய பிரதியை உஸ்தாதின் மூலப் பிரதியோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதற்கு 'முகாபலா' என்று பெயர். அப்படி ஒப்பிடாத பிரதியை அறிஞர்கள் எளிதில் நம்பவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி, ஆய்வு மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் ஆலோசனைக் குழு முன் தம் முன்னேற்றத்தை விளக்க வேண்டும். அது அவசியம். ஆனால் சொந்தக் கல்லூரிக்கு வெளியே உள்ள கண்கள் பார்ப்பது வேறு. வெளிநாட்டு மாநாட்டுக்கு விமானச் சீட்டும் விசாவும் வேண்டும். சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மவ்லானா ஆஸாத் உதவித்தொகையையும் 2022இல் ஒன்றிய அரசு நிறுத்திவிட்டது. இந்நிலையில் வாணியம்பாடியிலோ காயல்பட்டினத்திலோ வீட்டிலிருந்தபடியே கலந்துகொள்ள முடிவது, குறிப்பாக நம் பெண்களுக்கு, பெரிய வாய்ப்பு.

மாணவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பேட்டி தந்தவர்களின் பெயர், அடையாளம் எதுவும் அனுப்பும் பிரதியில் இருக்கக் கூடாது. அடுத்தவர் அனுப்பிய கட்டுரை அமானிதம். அதை வெளியே பகிரக் கூடாது.

குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் நண்பகல் 12 என்றால் நமக்கு இரவு 9.30 அல்லது 10.30. அந்த இரண்டு மணி நேரம் ஓர் அமைதியான அறையைக் கொடுங்கள். கூட்டம் முடிந்து பிள்ளை முகம் வாடி எழுந்து வந்தால், "ஏன் இந்தப் படிப்பு?" என்று கேட்காதீர்கள். "என்ன திருத்தச் சொன்னார்கள்?" என்று கேளுங்கள்.

பயனுள்ள கல்வியையும், திருத்தத்தை ஏற்கும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.