கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்க் கரையிலே

பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகரைத் தரிசித்து, குன்றைக் குடைந்து அமைத்த அக்கோயிலின் அழகில் மனம் நிறைந்து, அப்படியே குன்றக்குடிக்கோ காரைக்குடிக்கோ வண்டி ஏறிவிடுகிற யாத்திரிகர்கள், ஒரு காலைப்பொழுதை ஒதுக்கிக்கொண்டு மேற்கே திருப்பத்தூரைக் கடந்து மதுரைச் சாலையில் சற்றுத் தூரம் செல்வார்களேயானால், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தைக் காணலாம். 1977-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அறிவிக்கப்பெற்ற இச்சரணாலயத்தின் பரப்பு 38.4 ஹெக்டேர்தான். பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய ஊர்களின் கண்மாய்களே இதன் எல்லை. இங்கே கண்மாய்க் கரைமேல் மெல்ல நடப்பதே பிரயாணம். வயோதிகரும் குழந்தைகளும் தாராளமாக வரலாம்.

வானம் பார்த்த இந்தச் சீமையில் கண்மாய் நிறைவது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையினால்தான். நீர் ஏறியவுடன் கண்மாயின் உள்வாயில் நிற்கும் கருவேல மரங்களைச் சுற்றி ஜலம் சூழ்ந்துகொள்கிறது. கீரியும் பூனையும் எளிதில் அணுக முடியாத அந்தக் கிளைகளில்தான் நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டுகின்றன. குஞ்சு பொரிக்கும் சமயத்தில் மீனும் தவளையும் நத்தையும் பெருகியிருப்பதால் இரைக்கும் குறைவில்லை. மழை பொய்த்த வருஷத்தில் மரங்கள் வெறுமையாகவே நிற்கும்.

பறவை பார்ப்பதற்கு அவசியமான கருவி ஒரு பைனாகுலர். அதன்மேல் 8×40 என்று பொறித்திருந்தால், பொருளை எட்டு மடங்கு அண்மையில் காட்டும் என்றும், முன்கண்ணாடியின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்றும் அர்த்தம். நாற்பதை எட்டால் வகுத்தால் கிடைக்கும் 5 மில்லிமீட்டரே கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம். வெளிச்சம் குறைந்த விடியற்காலையில் விரிந்திருக்கும் நம் கண்மணிக்கு இந்த அளவு பொருத்தமானது. இன்னும் அதிகமாகப் பெருக்கும் கருவியை நாடுவோர், கையின் சிறு நடுக்கமும் அத்துடன் பெருகுவதை விரைவில் உணர்வர். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒரே இடத்தில் பத்து நிமிஷம் அசையாமல் நிற்பதே, என் அபிப்பிராயத்தில், இக்கலையின் பாதி.

அப்படி நின்று பார்க்கத்தக்கவற்றுள் விசேஷமானது நத்தைகுத்தி நாரை. நுனியில் மட்டும் கூடி, நடுவே இடைவெளி விட்டிருக்கும் அதன் அலகு பார்வைக்குச் செட்டிநாட்டு வீடுகளின் பாக்குவெட்டியைப் போலிருப்பதால், நத்தையை அதில் வைத்து நொறுக்குகிறது என்றே தோன்றும். உண்மை வேறு. கீழலகின் கூரிய நுனியை நத்தையின் மூடிக்குக் கீழே செலுத்தி, உடலை ஓட்டோடு பிணைக்கும் தசையை அறுத்து, சதையை முழுதாக உருவிக்கொண்டு ஓட்டை விட்டுவிடுகிறது. குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி இராது. வளர வளரத்தான் உண்டாகிறது. பாம்புத்தாராவையும் தவறவிடக் கூடாது: உடல் முழுவதும் நீருக்குள் அமிழ, கழுத்து மட்டும் மேலே தெரிய நீந்தி, மீனைக் குத்திப் பிடிக்கும், இறகுகள் நனைந்துவிடுவதால் கரையேறியதும் சிறகுகளை விரித்து வெகுநேரம் வெயிலில் உலர்த்தும். பகலெல்லாம் கிளையில் ஒடுங்கிக் கிடக்கும் வக்கா, அந்தி மயங்கியதும் இரை தேடப் புறப்படும்.

தீபாவளி வருவதோ பறவைகள் வந்திறங்கும் ஐப்பசியில்தான். வெடிச்சத்தத்துக்கு அஞ்சித் தாய்ப்பறவை கூட்டை விட்டெழுந்தால், முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் இரையாகிவிடும். ஆகவே இவ்வூர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வெடி வெடிப்பதே இல்லை. குழந்தைகள் ஆசையோடு எதிர்பார்க்கும் பண்டிகையில், வாயில்லா ஜீவன்களுக்காக ஓர் ஊரே இப்படி விட்டுக்கொடுத்து வாழ்வதை நான் மகத்தான தர்மமாகக் கருதுகிறேன். அண்மைக் காலமாக வனத்துறையினர் தீபாவளியன்று இவர்களுக்கு இனிப்பு வழங்கிக் கௌரவித்து வருகின்றனர்.

மார்கழி, தை மாதங்களே இங்கு வர உகந்த காலம். வருகிறவர்கள் வண்டியின் ஹாரனை ஒலிக்காமலும், கூடுகளை நெருங்கிப் படம் பிடிக்க நீரில் இறங்காமலும், ஊரார் காத்துவரும் அந்த நியமத்தைத் தாங்களும் காக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.