சிங்கப்பூருக்கு குடும்பத்தோடு போறீங்களா? திரும்புற தேதியை முதல்ல பாருங்க!

விமான டிக்கெட் எப்போது எடுத்தால் லாபம்? கையைச் சுடுவது எங்கே?

பொங்கல் முடிந்த கையோடு சென்னையில் பல வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பி விடுகிறது.

"மே மாச லீவுக்கு சிங்கப்பூர் போலாமாப்பா?"

கேட்பது பிள்ளைகள். முழிப்பது அப்பா. கணக்கு போடுவது அம்மா!

ஊட்டி, கொடைக்கானல் என்று போய் வந்த நடுத்தரக் குடும்பங்கள் இன்று கடல் தாண்டுகின்றன. மீனம்பாக்கத்தில் ஏறினால் சுமார் 4 மணி நேரத்தில் சிங்கப்பூர். கோலாலம்பூரும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். பஸ்சில் திருச்சி போய்ச் சேர அதைவிட அதிக நேரம் ஆகிறது!

ஒரு காலத்தில் இதே பயணம் கப்பலில் நாள் கணக்கில் நடந்தது. "சிதம்பரம்" என்ற கப்பல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிக்கொண்டிருந்ததை பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. அதோடு அதன் ஓட்டம் முடிந்தது. இப்போது எல்லாம் விமானம்தான்.

ஆனால் ஒன்று. 4 பேருக்கு போக வர டிக்கெட் என்பது சின்னப் பணம் அல்ல. சீட்டு எடுத்த பணம், போனஸ் பணம், பொண்டாட்டியின் சேமிப்பு எல்லாம் சேர்ந்து ஒரே நாளில், ஒரே பட்டனில் போகிறது. பட்டனை அழுத்தும் நாள் தப்பினால், சிங்கப்பூரில் செலவழிக்க வேண்டிய பணம் மீனம்பாக்கத்திலேயே தீர்ந்துவிடும்.

ரெயில் புத்தி உதவாது

நமக்குப் பழகியது ரெயில் முன்பதிவு. 120 நாளைக்கு முன்பு என்று இருந்தது. 2024 நவம்பர் 1-ந்தேதி முதல் 60 நாள் ஆகிவிட்டது. முன்பதிவு தொடங்கும் நாளில் காலையிலேயே உட்கார்ந்து எடுப்போம். அங்கே அவசரம் இடத்துக்குத்தான். தூங்கும் வசதி பெட்டியில் முதல் நாள் எடுத்தவருக்கும், பத்து நாள் கழித்து எடுத்தவருக்கும் கட்டணம் ஒன்றுதான்.

விமானத்தில் கதையே வேறு. ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் 3 பேர், 3 விதமான பணம் கொடுத்திருப்பார்கள். ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளாத வரைதான் நிம்மதி!

காரணம் இதுதான். சாதாரண வகுப்பு இருக்கைகளை விமான நிறுவனங்கள் பல கட்டணப் பிரிவுகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு எழுத்து அடையாளம். மலிவுப் பிரிவில் கொஞ்சம் இடம். அது தீர்ந்தால் அதற்கு மேலே உள்ள பிரிவு. இப்படியே ஏறிக்கொண்டு போகும். எந்த விமானம் எவ்வளவு வேகமாக நிரம்புகிறது என்பதை கம்ப்யூட்டர் கவனித்துக்கொண்டே இருக்கும். நிரம்பவில்லை என்றால் மூடிய மலிவுப் பிரிவை மறுபடி திறப்பதும் உண்டு.

ஆனால் மே மாத சிங்கப்பூர் விமானம் நிரம்பாமல் போகுமா? அதை நம்பி உட்கார்ந்திருப்பது, பொங்கலுக்கு முந்தின நாள் ஆம்னி பஸ் கட்டணம் குறையும் என்று காத்திருப்பதைப் போல!

4 பேர் என்றால் தனிக் கணக்கு

இங்கேதான் குடும்பஸ்தர்கள் ஏமாறுகிறார்கள். தனி ஆளுக்கு நடக்கும் கணக்கு குடும்பத்துக்கு நடக்காது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. மலிவுப் பிரிவில் 3 இடம்தான் பாக்கி. விலை ரூ.12 ஆயிரம். அடுத்த பிரிவில் விலை ரூ.15 ஆயிரம். நீங்கள் 4 பேருக்குக் கேட்கிறீர்கள். கம்ப்யூட்டர் என்ன செய்யும்? மூன்றை மலிவிலும் ஒன்றை கூடுதலிலும் கொடுக்குமா? பெரும்பாலும் கொடுக்காது. 4 இடமும் சேர்ந்து கிடைக்கும் பிரிவைத் தேடி, எல்லோருக்கும் ரூ.15 ஆயிரம் போட்டுவிடும். மொத்தம் ரூ.60 ஆயிரம்.

அதையே 3 பேருக்கு ஒரு தடவை, ஒருவருக்கு ஒரு தடவை என்று எடுத்தால் ரூ.51 ஆயிரம். ஒரு வழிக்கே ரூ.9 ஆயிரம் மிச்சம்!

அதனால் முதலில் ஒரு ஆளுக்கு விலை கேளுங்கள். அப்புறம் நாலு பேருக்குக் கேளுங்கள். தலைக்கு விழும் தொகை இரண்டிலும் ஒன்றாக இருந்தால் சரி. ஏறினால், பிரித்து எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். பிரித்தால் பிள்ளைகள் கட்டாயம் அம்மாவோடு அல்லது அப்பாவோடு ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். விமானம் ரத்தானால் இரண்டு டிக்கெட்டுக்கும் வேறு வேறு விமானம் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தனி டிக்கெட்டில் அப்பாவைப் போடுவதே உத்தமம். எங்கே போட்டாலும் அவர் தூங்கிக்கொண்டுதான் வருவார்!

பெரியப்பா, சித்தி, அத்தை என்று 10 பேருக்கு மேல் கிளம்புகிற கூட்டுக் குடும்பம் என்றால் குழுக் கட்டணம் கேட்கலாம். முன்பணம் கட்டி இடத்தைப் பிடித்துக்கொண்டு, பெயர்களைப் பிறகு கொடுக்க பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. இதற்கு டிராவல் ஏஜெண்டுதான் சரி.

எப்போது எடுப்பது?

விமான டிக்கெட் விற்பனை ஏறக்குறைய 11 மாதம் முன்பே தொடங்கிவிடுகிறது. அவ்வளவு முன்னால் ஓட வேண்டிய அவசியம் இல்லை. சலுகை விற்பனை எல்லாம் அப்போது வந்திருக்காது. மே மாதப் பயணத்துக்கு டிசம்பரிலேயே விலையைப் பார்க்கத் தொடங்கி, ஜனவரி, மிஞ்சினால் பிப்ரவரி நடுவுக்குள் எடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். மார்ச்சில் பள்ளிக்கூடப் பரீட்சை தேதிகள் கையில் வந்ததும் ஊரே ஒன்றாகக் கிளம்பும். அந்தக் கூட்டத்தில் நீங்களும் போய் நிற்கக்கூடாது.

"செவ்வாய்க்கிழமை ராத்திரி எடுத்தா மலிவாம்" என்று ஒரு பேச்சு உலவுகிறது. கட்டணப் பட்டியலை எப்போதோ ஒருமுறை மாற்றிக்கொண்டிருந்த காலத்துப் பேச்சு அது. இப்போது ஒரே நாளில் பல தடவை மாறுகிறது. கிழமை பார்ப்பது எடுக்கும் நாளுக்கு அல்ல, பறக்கும் நாளுக்கு! வெள்ளி, சனி கிளம்புவதை விட வாரத்தின் நடுவில் கிளம்பினால் பெரும்பாலும் குறையும்.

"கடைசி நேரத்துல காலி சீட்ட அடிமாட்டு விலைக்கு குடுப்பாங்க" என்பது இன்னொரு பேச்சு. கடைசி நேரத்தில் ஓடி வருகிறவர் யார்? வியாபார அவசரம், சாவு செய்தி என்று எந்த விலைக்கும் ஏறுகிறவர்தான். அவருக்குக் குறைத்துக் கொடுப்பானேன்?

வில்லன் யார்?

எல்லோரும் போகும் தேதியைப் பார்க்கிறார்கள். உண்மையான வில்லன் திரும்பும் தேதி!

நம் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் ஜூன் தொடக்கத்தில் திறக்கும். அதற்கு இரண்டு நாள் முன்பு வந்து இறங்கலாம் என்றுதான் எல்லோரும் திட்டம் போடுவார்கள். அதே நேரத்தில் சிங்கப்பூரில் என்ன நடக்கிறது? அங்கே பள்ளிகளுக்கு மே கடைசியில் தொடங்கி ஜூன் கடைசி வரை சுமார் 4 வாரம் விடுமுறை. அங்கே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் தாத்தா பாட்டியைப் பார்க்க, கோவிலுக்குப் போக, கல்யாணத்துக்குப் புடவை எடுக்க என்று பெட்டியோடு சென்னைக்குக் கிளம்பும் வாரம் அது.

ஆக, சிங்கப்பூரில் இருந்து சென்னைக்கு வரும் அதே விமானத்தில் இரண்டு கூட்டம் மோதுகிறது. ஊர் திரும்புகிற நாம், ஊருக்கு வருகிற அவர்கள். விலை ஏறாமல் என்ன செய்யும்?

மே 20-ந்தேதிவாக்கில் திரும்புகிற மாதிரி போட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரியும். பிள்ளைகளும் புத்தகத்துக்கு அட்டை போட நாள் கிடைக்கும்.

மே மாதமே வேண்டாம் என்றால் காலாண்டு விடுமுறை இருக்கிறது. செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம். சிங்கப்பூர் பள்ளிகளின் குட்டி விடுமுறை செப்டம்பர் முதல் வாரவாக்கிலேயே முடிந்துவிடும். ஆனால் கார் பந்தயம் நடக்கும் நாட்களை மட்டும் பார்த்துத் தள்ளுங்கள். 2025-ல் அது அக்டோபர் 3 முதல் 5 வரை நடந்தது. அந்த நாட்களில் ஓட்டல் வாடகை எகிறும்.

டிக்கெட்டுக்கு முன்னால்...

டிக்கெட் பார்க்கும் முன் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டைப் பாருங்கள். பெரியவர்களுக்கு 10 வருடம். பிள்ளைகளுக்கு பொதுவாக 5 வருடம்தான். "போன வருஷம்தானே எடுத்தோம்" என்று நினைப்போம். பார்த்தால் ஐந்து வருடம் ஓடியிருக்கும்! இன்னொன்று, சிங்கப்பூரோ மலேசியாவோ, போய்ச் சேரும்போது பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாதம் பாக்கி இருக்க வேண்டும். 3 மாதம்தான் இருக்கிறது என்றால் சென்னையிலேயே நிறுத்திவிடுவார்கள். அம்மா, அப்பா, அக்காவுக்கு எல்லாம் சரி; தம்பிக்கு மட்டும் சரியில்லை. யாரை விட்டுவிட்டுப் போவது?

அடுத்தது பெயர். நமக்கு இனிஷியல் ஒரு எழுத்து. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். டிக்கெட்டில் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே போட வேண்டும். வீட்டில் கூப்பிடுகிற பெயர், ரேஷன் கார்டு பெயர் எதுவும் செல்லாது. துபாய் பக்கம் போகிறவர்களுக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு ஐக்கிய அரபு நாடு 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டு வந்தது.

விசா? சிங்கப்பூருக்கு உண்டு. அங்கீகாரம் பெற்ற ஏஜெண்ட் மூலம், பயணத்துக்குச் சில வாரம் இருக்கும்போதுதான் போடுவது வழக்கம். அதாவது டிக்கெட் முதலில், விசா பிறகு. அதனால் இருப்பதிலேயே மலிவான, ஒரு காசும் திரும்பாத டிக்கெட்டை எடுக்கும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். கொஞ்சம் கூடக் கொடுத்தால் தேதி மாற்றிக்கொள்ளும் வசதி கிடைக்கும். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் அனுமதி அளித்தது. கெடு வைத்துக் கொடுக்கப்பட்ட சலுகை அது. டிக்கெட் எடுக்கும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

போக முடியாமலே போய்விட்டால்? இந்திய விமான நிறுவனம் என்றால், திரும்பத் தராத டிக்கெட்டாக இருந்தாலும் வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. பலர் கேட்பதே இல்லை. கேட்டு வாங்குங்கள்.

மலிவு விமானம் மலிவா?

சில நிறுவனங்களின் விலையைப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும். உள்ளே போனால் பெட்டிக்குத் தனி, சாப்பாட்டுக்குத் தனி, பக்கத்தில் உட்காரத் தனி. போகும்போது முறுக்கு, தொக்கு. வரும்போது முஸ்தபா கடை சாமான். பெட்டி இல்லாமல் நடக்குமா? பெட்டிக்கான பணத்தை டிக்கெட்டோடு சேர்த்தே கட்டினால் குறைவு. விமான நிலையத்தில் போய்க் கட்டினால் அதிகம். எல்லாம் கூட்டிய பிறகுதான் எது மலிவு என்று சொல்ல முடியும்.

கைக்குழந்தைக்கு 2 வயது முடியும் வரைதான் மடியில் இடம். போகும்போது 2 முடியவில்லை, திரும்பும் முன் பிறந்தநாள் வருகிறது என்றால், வரும்போது தனி இருக்கை எடுக்க வேண்டும்.

கடைசியாக ஒரு கண்டம். சென்னையில் இருந்து சிங்கப்பூர் விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகின்றன. டிக்கெட்டில் "12-ந்தேதி, 00.50" என்று இருக்கும். 12-ந்தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும்! 11-ந்தேதி இரவு 9.30 மணிக்கெல்லாம் குடும்பத்தோடு மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். ஓட்டல் அறையையும் அதற்குத் தகுந்த தேதியில் போடுங்கள். காலையில் போய் இறங்குவீர்கள். அறை பிற்பகலில்தான் தருவார்கள்.