கோட்டையிலிருந்து வடக்கே

கொழும்பின் தலையாய புகையிரத நிலையம் புறக்கோட்டையிலே நிற்கின்றது. பெயரோ கோட்டை நிலையம்! இதனை விந்தையென்று எவரும் எண்ணுவதில்லை. 1917 ஆம் ஆண்டின் இக்கட்டடம் இலங்கைப் புகையிரதத்தைவிட அரை நூற்றாண்டு இளையது. 1864 டிசம்பர் 27 இல் அம்பேபுசை வரை முதல் வண்டி ஓடியபோது, மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகம் சேர்ப்பதே தோட்டத் துரைமாரின் கவலையாயிருந்தது.

பின்னர் தெற்கே மாத்தறைக்கு 1895 இலும், மலையேறிப் பதுளைக்கு 1924 இலும் பாதைகள் நீண்டன. ஆயினும் தமிழர் நெஞ்சில் நிலைத்தது, பொல்காவலையில் மலைப்பாதையை விட்டு விலகி, அநுராதபுரம், மதவாச்சி கடந்து, 1905 இல் காங்கேசன்துறையைக் கொழும்புடன் இணைத்த வடபாதையே. கந்தோர் எழுதுவினைஞராய் இளைஞர் தெற்கே வந்தனர். புகையிலையும் பனங்கட்டியும் உடன் வந்தன. யாழ்ப்பாணத்தின் 'மணியோடர்' வாழ்வு இத்தண்டவாளத்தின் மீதே நடந்ததென்பது மிகையாகாது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது.

1985 ஜனவரியில் அதே யாழ்தேவி முறிகண்டியருகே குண்டுவெடிப்புக்கு இலக்காயிற்று. 1990 ஜூனில் வடக்கு வண்டிகள் அடியோடு நின்றன, வவுனியாவே எல்லையாயிற்று. அதற்கப்பால் சிலிப்பர் கட்டைகளும் தண்டவாளங்களும் பதுங்குகுழிகளுக்குப் போயின. கோட்டை நிலையமும் தப்பவில்லை: 2008 பெப்ரவரியில் அங்கு வெடித்த குண்டு பலரைப் பலிகொண்டது.

போர் ஓய்ந்தபின் பாதை திரும்பிய விதம் நினைக்கத்தக்கது. 2009 இல் தாண்டிக்குளம், 2011 இல் ஓமந்தை, 2013 இல் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, அவ்வாண்டு ஒக்டோபர் 13 இல் யாழ்ப்பாணம்! ஓமந்தைக்கு அப்பால் இந்தியக் கடனுதவியுடன் இர்கொன் நிறுவனமே பாதையமைத்தது. 1990 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த குழந்தை, தன் ஊர் நிலையத்தில் வண்டி வந்து நிற்கக் கண்டபோது 24 வயதாகியிருந்தது. 2015 ஜனவரியில் வண்டி மீண்டும் காங்கேசன்துறையை அடைந்தது.

மதவாச்சியிற் பிரியும் தலைமன்னார்ப் பாதையின் கதை வேறு. 1914 முதல் கொழும்பிலிருந்து இரவு வண்டியேறியோர், தலைமன்னாரிற் கப்பலேறித் தனுஷ்கோடி சேர்ந்து, மீண்டும் வண்டியிற் சென்னைக்குச் சென்றனர். தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் எதிர்த்திசையில் வந்ததும் இவ்வழியேதான். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடியது; 1980களில் அதுவும் நின்றது. 2015 மார்ச்சில் தண்டவாளம் மறுபடியும் தலைமன்னார் இறங்குதுறையை எட்டிற்று. கப்பல்தான் அங்கு திரும்பி வரவில்லை.