தாய்ப்பால் தாய்க்கும் காப்பு: கர்ப்பகால நீரிழிவும் பாலூட்டும் உரிமையும்

தாய்ப்பாலைப் பற்றிய பேச்சு நம் நாட்டில் குழந்தையில் தொடங்கிக் குழந்தையிலேயே முடிகிறது. மருத்துவமனைச் சுவரொட்டிகளிலும், ஆகஸ்ட் முதல் வாரத்து விழிப்புணர்வுக் கூட்டங்களிலும் தாய் என்பவர் கடமைப்பட்டவராகவே நிற்கிறார். பாலூட்டல் அவருடைய உடலுக்கு என்ன செய்கிறது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. கர்ப்பகாலத்தில் நீரிழிவுக்கு ஆளான பெண்களைப் பொறுத்தவரை இக்கேள்வி ஆயுளோடு தொடர்புடையது. அத்தகைய பெண்கள் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு நோயாளிகளாக மாறும் அபாயம், பாலூட்டியவர்களிடையே கணிசமாகக் குறைவாக உள்ளது என்று அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டுகின்றன.

பாலூட்டுவதற்கு வேண்டிய முதல் பொருள் நேரம். அதுவும் கூலியை இழக்காமல் கிடைக்கும் நேரம். நம் சமூகத்தில் அந்த நேரம் சமமாகப் பங்கிடப்படவில்லை. ஆகவே இந்த மருத்துவச் செய்தியைச் சட்டத்தோடு சேர்த்தே நாம் படிக்க வேண்டியுள்ளது.

பிரசவத்தோடு முடியாத நோய்

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள், தாயின் உடலில் இன்சுலினின் வேலையை மந்தமாக்குகின்றன. கருவுக்குத் தடையின்றிக் குளுக்கோஸ் கிடைப்பதற்கான இயற்கையின் ஏற்பாடு அது. இதை ஈடுகட்டக் கணையத்தின் பீட்டா செல்கள் கூடுதலாக இன்சுலின் சுரக்க வேண்டும். அந்தச் சுமையைத் தாங்க இயலாத பெண்களுக்கு இரத்தச் சர்க்கரை உயர்கிறது. இதுவே கர்ப்பகால நீரிழிவு.

இந்நோயைக் கண்டறிவதில் தமிழ்நாட்டுக்குத் தனி இடமுண்டு. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. சேஷய்யாவும் அவருடைய குழுவினரும் எளிய சோதனை முறை ஒன்றைப் பரவலாக்கினர். சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் செய்து, 2 மணி நேரம் கழித்து இரத்தத்தைச் சோதிப்பது அம்முறை. டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு என்று கொள்ளப்படுகிறது. வெறும் வயிற்றோடு நெடுந்தூரம் வந்து காத்திருக்க இயலாத ஏழைப் பெண்களுக்கு இது பெரும் உதவி. 2007இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இச்சோதனையைச் செய்யத் தமிழ்நாடு அரசு உத்தரவிட்டது. சேஷய்யா குழுவினர் தமிழ்நாட்டில் நடத்திய கள ஆய்வு, நகர்ப்புறக் கர்ப்பிணிகளில் 17.8 விழுக்காட்டினரையும் கிராமப்புறக் கர்ப்பிணிகளில் 9.9 விழுக்காட்டினரையும் இந்நோய் தாக்கியிருந்ததைக் காட்டியது. வசதி படைத்தோரின் நோய் என்று இதை ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு அக்கிராமப்புறக் கணக்கே சான்று.

பிரசவம் முடிந்து நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலோருக்குச் சர்க்கரை அளவு இறங்கிவிடுகிறது. "சர்க்கரை சரியாகிவிட்டது" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கதை அங்கே முடிவதில்லை. 13 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஆய்வு ஒன்று, கர்ப்பகால நீரிழிவு கண்ட பெண்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 10 மடங்கு அதிகம் என்று கண்டது. ஆகவேதான் பிரசவமான 6ஆவது வாரத்தில் மீண்டும் சர்க்கரைச் சோதனை செய்ய வேண்டும் என்று தேசிய வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன.

பாலூட்டும் உடலில் நடப்பது

தாய்ப்பாலின் இனிப்பு லாக்டோஸ் என்னும் சர்க்கரையால் வருவது. அதை மார்பகம் தாயின் இரத்தத்திலுள்ள குளுக்கோஸிலிருந்தே தயாரிக்கிறது. நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் பால் சுரக்கும் தாயின் உடல், சுமார் 50 கிராம் லாக்டோஸை உருவாக்குகிறது. இதற்கான குளுக்கோஸை மார்பகச் செல்கள் இன்சுலினை அதிகம் எதிர்பாராமலேயே ஈர்த்துக்கொள்கின்றன. களைத்துப்போன கணையத்துக்கு அது ஓய்வு.

கர்ப்ப காலத்தில் உடல் சேமித்த கொழுப்பும் பாலில் கலந்து செலவாகிறது. பால் சுரப்பதற்கு நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி ஆற்றல் தேவைப்படுகிறது. கர்ப்பம் வளர்சிதை மாற்றத்தைத் தலைகீழாகத் திருப்புகிறது என்றால், பாலூட்டல் அதை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது என்று ஆய்வாளர்கள் விளக்குகின்றனர். பாலூட்டாத உடலில் அந்தத் திருப்பம் முழுமை பெறுவதில்லை என்பது அவர்களின் கருத்து.

2020இல் வெளியான கொரிய ஆய்வு ஒன்று இன்னொரு வழியையும் காட்டியது. பாலைச் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோன், பீட்டா செல்களுக்குள் செரட்டோனின் உருவாகத் தூண்டுகிறது. அதனால் அச்செல்கள் பெருகுகின்றன, சிதைவிலிருந்து காக்கப்படுகின்றன. சுண்டெலிகளில் இது நேரடியாகக் காணப்பட்டது. பாலூட்டிய பெண்களிலும் பீட்டா செல்களின் செயல்திறன் பிற்காலத்தில் மேம்பட்டிருந்தது.

ஆய்வுகள் தரும் கணக்கு

அமெரிக்காவின் வட கலிபோர்னியாவில், கர்ப்பகால நீரிழிவு கண்ட 1,035 பெண்களைப் பிரசவத்துக்குப் பின் 2 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் ஆசிய, லத்தீன் அமெரிக்க, கறுப்பின வழிவந்த, வெள்ளையரல்லாத பெண்கள். முழுக்கப் பவுடர் பால் கொடுத்தவர்களோடு ஒப்பிடுகையில், தாய்ப்பால் மட்டுமே கொடுத்தவர்களுக்கு நீரிழிவு வரும் அபாயம் பாதிக்கும் சற்றே குறைவாக இருந்தது. 10 மாதங்களுக்கு மேல் பாலூட்டியவர்களின் அபாயம், 2 மாதங்களுக்குள் நிறுத்தியவர்களைவிட 57 விழுக்காடு குறைந்திருந்தது. பாலூட்டும் அளவும் காலமும் கூடக்கூடப் பாதுகாப்பும் கூடியது.

ஜெர்மனியில் நடந்த நீண்டகால ஆய்வு 19 ஆண்டுகள்வரை பெண்களைப் பின்தொடர்ந்தது. முதல் வகை நீரிழிவின் தடயம் இல்லாதவர்களில், பாலூட்டாத பெண்களுக்கு நீரிழிவு வர இடைநிலையாக 2.3 ஆண்டுகள் ஆயின, பாலூட்டியவர்களுக்கு 12.3 ஆண்டுகள். 3 மாதங்களுக்கு மேல் பாலூட்டியவர்களே மிகுந்த பயன் பெற்றனர். ஓர் உழைக்கும் பெண்ணின் வாழ்வில் 10 ஆண்டுகள் மருந்தின்றிக் கழிவது சிறு செய்தியன்று.

இவ்வாய்வுகளின் எல்லையையும் நாம் அறிந்திருக்க வேண்டும். இவை பெண்களின் வாழ்க்கையைக் கவனித்து எழுதப்பட்ட கணக்குகள். ஏற்கெனவே உடல்நலமும் வசதியும் மிக்க பெண்களே அதிகம் பாலூட்டியிருக்கலாம் என்ற ஐயத்தை ஆய்வாளர்கள் உடல் எடை, வருமானம், கர்ப்பகாலச் சர்க்கரை அளவு முதலியவற்றைக் கணக்கில் கொண்டு சரிசெய்துள்ளனர். அதன் பின்னும் தொடர்பு நிலைத்தது. எனினும் பாலூட்டல் அபாயத்தைக் குறைக்கும், முற்றாக நீக்காது. பாலூட்டிய தாய்க்கும் தொடர் சோதனை தேவை. பிரசவத்துக்குப் பின்னும் இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் தயக்கமின்றிப் பாலூட்டலாம். பாலூட்டும் நேரத்தில் சர்க்கரை தாழ்ந்துவிடாதபடி முன்னதாக ஏதேனும் உண்பது நல்லது.

அறிவுரையின் எல்லை

கர்ப்பகால நீரிழிவு கண்ட பெண்களுக்குப் பால் சுரப்பே சற்றுத் தாமதமாகத் தொடங்கக்கூடும். குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்துவிடும் என்ற அச்சத்தில் தாயையும் சேயையும் பிரித்துவைப்பதும், உடனே பவுடர் பால் புகட்டுவதும் நடக்கின்றன. சிசேரியன் இதைக் கூட்டுகிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறத்தாழ 45 விழுக்காடு சிசேரியன். ஆக, அதிகப் பயன்பெற வேண்டிய தாய்க்கே அதிகத் தடைகள். முதல் நாட்களில் அருகிருந்து உதவும் செவிலியர் இல்லையென்றால் "பால் போதவில்லை" என்ற முடிவுக்கு அவர் தள்ளப்படுகிறார்.

அறிவுரை மட்டும் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கும் சான்று உண்டு. இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில், கர்ப்பகால நீரிழிவு கண்ட 1,601 பெண்களிடம் உணவு, உடற்பயிற்சி பற்றிய வழிகாட்டல் திட்டம் ஒன்று சோதிக்கப்பட்டது. 2022இல் முடிவு வெளியானது. வழிகாட்டல் பெற்றவர்களிலும் பெறாதவர்களிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நிலை மோசமாகியிருந்தது. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கொரோனா காலம் அத்திட்டத்தைப் பாதித்தது உண்மை. ஆயினும் கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணிடம் வெறும் சொல்லைக் கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கையை அம்முடிவு கேள்விக்குள்ளாக்குகிறது.

யாருக்கு எத்தனை நாள்?

2021 ஜூலை முதல் தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 12 மாத மகப்பேறு விடுப்பு உண்டு. தனியார் நிறுவனங்களில், 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் 26 வாரச் சம்பளத்தோடு கூடிய விடுப்பை அளித்தது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரு பாலூட்டும் இடைவேளைகளும், 50 பேர் பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் அச்சட்டம் தந்தவை. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்விதிகள் இடம்பெற்றுள்ளன.

இந்த உரிமைகள் எல்லாம் 'நிறுவனம்' என்ற சொல்லுக்குள் அடங்கியவர்களுக்கே. கடைகள் முதலியவற்றில் 10 பேராவது வேலை செய்ய வேண்டும். முந்தைய 12 மாதங்களில் 80 நாட்கள் வேலை செய்திருக்க வேண்டும். நாற்று நடும் பெண்ணும், வீட்டுவேலை செய்யும் பெண்ணும் இவ்வேலிக்கு வெளியே நிற்கின்றனர். அவர்களுக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம். 18,000 ரூபாயில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாகப் போக, ரொக்கம் 14,000 ரூபாய். அதுவும் முதல் இரண்டு பிரசவங்களுக்கே. அத்தொகையை 26 வாரங்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 77 ரூபாய் வருகிறது. எந்தக் கூலிக்கு இது ஈடாகும்?

தூய்மைப் பணியாளர்களின் நிலை இன்னும் கொடியது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். நிரந்தரப் பணியாளருக்கு விடுப்பு உண்டு. அதே தெருவைப் பெருக்கும் ஒப்பந்தப் பணியாளர், சட்டப்படி உரிமை இருந்தும், ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் பணிக்கால ஆவணத்தை இழக்கிறார். ஒப்பந்ததாரர் ஈ.எஸ்.ஐ. சந்தாவை ஒழுங்காகச் செலுத்தாவிட்டால் மகப்பேற்றுப் பணப்பயனும் சிக்கலாகிறது. 2015இல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பயணிக்கு அறை கிடைத்தது. விடியலுக்கு முன்பே வந்து அந்நிலையத்தைப் பெருக்கும் பெண்ணின் குழந்தையோ வீட்டில் இருக்கிறது. அவருக்கு இல்லாதது அறையன்று, குழந்தை.

கருணை அன்று, உரிமை

1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வளிப்பது நாட்டின் நலன் சார்ந்தது என்றும், அதன் செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்க வேண்டும் என்றும் வாதிட்டார். அரசியலமைப்பின் 42ஆவது பிரிவு மகப்பேற்று நிவாரணத்தை அரசின் கடமையாக வைத்தது. 2000இல் டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்கள் வழக்கில், மகப்பேறு நலன் அவர்களுக்கும் உரியது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே மாதத்தில், தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை தொடுத்த உமாதேவி வழக்கில், மகப்பேறு விடுப்பு பெண்களின் இனப்பெருக்க உரிமைகளின் பிரிக்க முடியாத பகுதி என்று அதே நீதிமன்றம் கூறியது. இத்தீர்ப்புகளோடு மருத்துவச் சான்றையும் இணைத்து வாதிட நமக்கு இப்போது இடமிருக்கிறது. 21ஆவது பிரிவின் வாழ்வுரிமைக்குள் உடல்நலமும் அடங்கும் என்றால், அந்நலத்தைக் காக்கும் பாலூட்டும் காலமும் அதற்குள் அடங்கும்.

நாம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை.

ஒன்று, 6ஆவது வாரச் சோதனை. குழந்தையின் முதல் பெண்டாவேலன்ட் தடுப்பூசியும் 6ஆவது வாரத்தில்தான். அன்று காலை தாயையும் வெறும் வயிற்றோடு வரச் சொல்லி, அதே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்துவிடலாம். தொடர் சோதனையை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தோடு இணைக்கலாம்.

இரண்டு, அமைப்புசாராப் பெண் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி அளவில் 26 வாரத்துக்கான மகப்பேற்று உதவி.

மூன்று, உள்ளாட்சி அமைப்புகளின் ஒப்பந்தப் பணியாளருக்கு விடுப்பும், பாலூட்டும் இடைவேளையும், பணியிடத்துக்கு அருகில் காப்பகமும் கிடைப்பதை முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் உள்ளாட்சியே உறுதிசெய்தல்.

நான்கு, பிரசவ வார்டுகளில் பாலூட்டும் உதவிக்கெனப் பயிற்சி பெற்ற செவிலியர். குழந்தைப் பால் பவுடர் விளம்பரத்தைத் தடைசெய்யும் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தை முறையாக நடைமுறைப்படுத்தல்.

மாணவர்கள் இதை ஒரு தகவல் உரிமை மனுவோடு தொடங்கலாம். உங்கள் மாவட்டத்தில் கடந்த ஆண்டு எத்தனை கர்ப்பிணிகளுக்குக் கர்ப்பகால நீரிழிவு கண்டறியப்பட்டது, அவர்களில் எத்தனை பேருக்கு 6ஆவது வாரச் சோதனை நடந்தது, சமூகப் பிரிவுவாரியாக அக்கணக்கு என்ன என்று கேளுங்கள். பதில் வந்தால் அது போராட்டத்துக்கு ஆவணம். கணக்கே இல்லை என்ற பதிலும் ஆவணமே.

இறுதியாக ஒன்று. இச்சான்றுகளைக் கையிலெடுத்து, பாலூட்ட இயலாத தாயைக் குற்றவாளியாக்கும் பேச்சுக்கு நாம் இடம்தரக் கூடாது. மூன்றாம் வாரமே வேலைக்குத் திரும்பிய பெண்ணிடம் "ஏன் பால் கொடுக்கவில்லை?" என்று கேட்பதற்கு முன், அவரை வேலைக்கு அழைத்தது யார், அந்த நாட்களின் கூலியை யார் தந்திருக்க வேண்டும் என்று கேட்போம்.