கூரையிலிருந்து கூடத்துக்கு – 11: பிரான்சுக்காரரின் எதிரொலி

சென்ற வாரம் டிஷ்ஷிலிருந்து இறங்கிய வயரைச் சுவர் வரைக்கும் கொண்டுவந்து விட்டோம். அதற்கு முந்தியவை, 1979 ஏப்ரலில் வந்த ஐ.டி.என்., 1982 பெப்ரவரியில் வந்த ரூபவாஹினி, அன்டனாவைத் திருப்பிய கதைகள் எல்லாம் பழைய இதழ்களில் இருக்கின்றன. திரும்பச் சொல்ல இடமில்லை.

இந்த வாரத்துக்கென்று ஒப்புக்கொண்டது இது: ஒரு வளவு, மூன்று வீடு, ஒரு டிஷ். கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் இந்தக் கணக்கை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். அதனால் உம்மாவின் வீட்டுக்குப் பின்னால் மூத்த மகளின் வீடு, பக்கத்தில் இளையவளின் வீடு என்று ஒரே மதிலுக்குள் குடும்பம் விரிந்துகொண்டே போகும். ரவுட்டர் ஒன்று, கிணறு ஒன்று, தொலைக்காட்சி மட்டும் வீட்டுக்கு ஒன்று. கூரைக்குக் கூரை டிஷ் வைக்கலாம்தான். ஆனால் கடற்காற்றின் உப்பு தின்னாத டிஷ் எங்கள் கரையில் கிடையாது. மூன்று வைத்தால் மூன்றும் துருப்பிடிக்கும். ஒரே டிஷ்ஷில் எடுத்து, கணினிகளுக்குப் போட்ட வலையமைப்பிலேயே மூன்று வீட்டுக்கும் படத்தை அனுப்ப முடியுமா என்பதுதான் கேள்வி.

முடியும். இரண்டு வழி. ஒரு பக்கம் டிஷ் வயரும் மறு பக்கம் நெட்வேர்க் வயரும் செருகுகிற டியூனர் பெட்டி வாங்குவது ஒன்று. இதற்கென்றே 2012இல் எஸ்.இ.எஸ்., பிஸ்கைபி, கிராஃப்ட்வேர்க் என்ற மூன்று ஐரோப்பிய நிறுவனங்கள் சேர்ந்து 'சாட்-ஐபி' என்று ஒரு பொது முறையை வகுத்தன. மற்றது, மூலையில் கிடக்கும் பழைய கணினியில் ஒரு டியூனர் கார்டைப் பூட்டி, டிவிஹெட்எண்ட் என்ற இலவச மென்பொருளை ஓடவிடுவது. வேலை இரண்டிலும் ஒன்றுதான். வானிலிருந்து வரும் ஒரே அலைக்கற்றைக்குள் பல அலைவரிசைகள் சேர்ந்தே வரும். அந்தக் கற்றைக்குள் இருப்பவற்றையெல்லாம் ஒரு டியூனர் ஒரே நேரத்தில் பிரித்துக் கொடுக்கும். உம்மா வேறு கற்றையில் உள்ள அலைவரிசை கேட்டால் இரண்டாவது டியூனர் வேண்டும். திறந்த அலைவரிசைகளுக்குத்தான் இதெல்லாம். காசு கட்டி, பூட்டுப் போட்டு வருபவற்றை இந்த வழியில் மதில் தாண்டி அனுப்ப நினைப்பவர்களுக்கு நான் உதவப் போவதில்லை.

இந்த இடத்தில் 'அந்த டியூனர் வயருக்குள் என்னத்தைத்தான் அனுப்புகிறது?' என்று பார்க்கப் போனேன். போனதிலிருந்து 188 என்ற எண் என்னை விடுவதாக இல்லை. இதழ் அச்சுக்குப் போகும் நாள் நெருங்கிவிட்டது. ஆகவே நீங்களும் என்னோடு வாருங்கள்.

டிஜிட்டல் தொலைக்காட்சி என்பது துண்டு துண்டாக வெட்டப்பட்ட படம். ஒவ்வொரு துண்டும் 188 பைட். கூடாது, குறையாது. முதல் 4 பைட்டில் இது எந்த அலைவரிசையின் படம் அல்லது ஒலி, எத்தனையாவது துண்டு என்ற விவரம். மிச்சம் 184இல் சரக்கு. எல்லாத் துண்டும் 71 என்ற ஒரே எண்ணில்தான் தொடங்கும். இடையில் எங்காவது தடம் தவறினால் பெட்டி 71ஐத் தேடும். 188 தள்ளி இன்னொரு 71, அதற்கும் 188 தள்ளி இன்னொன்று இருந்தால் 'சரி, இடம் கிடைத்தது' என்று மறுபடி பிடித்துக்கொள்ளும். செய்மதி, கேபிள், தரைவழி எல்லாவற்றிலும் இதே துண்டுதான். இலங்கை 2014இல் தெரிந்தெடுத்து, இன்னும் நாட்டுக்குப் பரப்பி முடிக்காத ஜப்பானிய ஐ.எஸ்.டி.பி-டி முறையிலும் இதே துண்டுதான்.

ஏன் 188? கணினிக்குப் பிடித்த எண் 128 அல்லது 256. மனிதருக்குப் பிடித்தது 200. 188 யாருக்கும் பிடித்த எண் அல்ல.

விடை டெலிபோனில் இருக்கிறது. 1980களின் கடைசியில் உலகத்து டெலிபோன் நிறுவனங்களுக்கு ஒரு பெரிய ஆசை வந்தது. பேச்சு, தரவு, படம் எல்லாவற்றையும் ஒரே வலையில், சின்னச் சின்ன ஒரே அளவுக் கலங்களாக அனுப்ப வேண்டும். அந்த முறைக்கு ஏ.டி.எம். என்று பெயர்; பிரதான வீதியில் நாம் வரிசையில் நிற்கிற ஏ.டி.எம். வேறு. ஒரு கலத்துக்குள் எத்தனை பைட் வைப்பது என்பதில் சண்டை பிடித்துக்கொண்டது. அமெரிக்கர்கள் 64 என்றார்கள். ஐரோப்பியர்கள், அதிலும் பிரான்சுக்காரர்கள், 32 என்றார்கள்.

பிரான்சுக்காரர்களுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்? டெலிபோனில் பேச்சு விநாடிக்கு 8,000 பைட்டாக மாறுகிறது. 32 பைட் நிரம்ப 4 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும்; 64 நிரம்ப 8 மில்லி விநாடி. காத்திருப்புக் கூடினால் எதிரொலி கேட்கும். நாம் பேசியதில் ஒரு பங்கு அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வருவது எப்போதும் நடப்பதுதான். உடனே திரும்பினால் காது அதைக் கவனிக்காது, தாமதித்துத் திரும்பினால் நம் குரலே நம்மை மறித்துப் பேசும். கொமினிகேஷன் கடையில் நிமிடத்துக்குக் காசு கொடுத்து சவூதிக்கும் கட்டாருக்கும் பேசியவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். "ஹலோ" சொன்னதும் நம்முடைய "ஹலோ"வே திரும்பி வந்து நின்ற அந்த நாட்கள் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இதை அடக்க ஒரு கருவி உண்டு, அது விலை கூடியது. அமெரிக்கா அகன்ற நாடு. தூரத்து அழைப்புகளுக்காக அந்தக் கருவியை அவர்கள் ஏற்கனவே வாங்கிப் பூட்டியிருந்தார்கள். பிரான்ஸ் அளவான நாடு. 32 என்றால் நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கருவியே இல்லாமல் பேசிவிடலாம். 64 என்றால் வாங்கியே ஆக வேண்டும்.

கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? கூட்டி இரண்டால் பிரித்தார்கள். 32உம் 64உம் 96; பாதி 48. இரண்டு தரப்புக்கும் திருப்தி இல்லாத எண். அதற்கு 5 பைட் முகவரி சேர்த்து 53. உலகத்து மிகப் பெரிய பொறியியல் மன்றம் ஒன்றில் காணித் தகராறு போலப் பாதி பிரித்து எடுத்த எண் இது.

இனி தொலைக்காட்சி. 1994இல் எம்பெக்-2 முறையை வகுத்து முடித்தவர்கள், நாளைக்குப் படமும் இந்த ஏ.டி.எம். வலையில்தான் ஓடும் என்று நம்பினார்கள். நேரம் தவறாமல் போக வேண்டிய சரக்குக்கு 48இல் ஒரு பைட் வரிசை எண்ணுக்குப் போய்விடும். மிச்சம் 47. நான்கு கலம், நான்கு 47, ஆக 188. ஒரு துண்டு நான்கு கலத்தில் இம்மியும் பிசகாமல் உட்காரும். முதல் தலைமுறைச் செய்மதி முறையில் வரும்போது பிழை திருத்த இன்னொரு 16 பைட் கூட வரும், அப்போது 204. டியூனர் அந்த 16ஐயும் வேலை முடிந்ததும் கழற்றிப் போட்டுவிட்டு 188ஐ மட்டும் வீட்டுக்குள் விடும்.

ஆக, பிரான்சுக்காரர் எதிரொலிக் கருவிக்குக் காசு கொடுக்க மறுத்ததன் மிச்சம் மருதமுனையில் ஒரு கூடத்துச் சுவரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இன்னும் வரவில்லை. ஏ.டி.எஸ்.எல். காலத்தில் ரவுட்டரைத் தாங்களே அமைத்தவர்கள் இரண்டு எண்களை மனப்பாடமாக வைத்திருப்பார்கள்: வி.பி.ஐ. 8, வி.சி.ஐ. 35. டெலிகொம்மில் கேட்டு, கொப்பியின் பின் அட்டையில் எழுதி வைத்த எண்கள். அவை ஏ.டி.எம். கலத்தின் 5 பைட் முகவரியில் எழுதப்படுபவை! எங்கள் ஊர்ச் செப்புக் கம்பியில் அந்த 53 பைட் கலங்கள் உண்மையாகவே ஓடின. 2008இல் ஸ்ரீலங்கா டெலிகொம் பியோ டிவியைத் தொடங்கியபோது தொலைக்காட்சியும் அதே கம்பியில், அதே கலங்களில் ஏறியது. 1994இல் கண்ட கனவு பலித்த மாதிரி இருக்கிறதல்லவா? இல்லை. படம் அதற்குள் இணையத்தின் பொதிக்குள் புகுந்துவிட்டது. பொதியைத்தான் கலங்களாக வெட்டினார்கள். துண்டு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அந்த வெட்டு பார்ப்பதில்லை. நான்குக்கு நான்காகப் பொருந்தட்டும் என்று அளவெடுத்துத் தைத்த 188, கடைசியில் அந்தக் கலத்துக்குள் போயும் பொருந்தி உட்காரவில்லை. இப்போது ஃபைபர் வந்து கலமும் போய்விட்டது. 188 மட்டும் இருக்கிறது.

சரி, மூன்று வீட்டுக்கு வருவோம். வீட்டு வலையமைப்பில் ஒரு பொதியில் அதிகம் போனால் 1,500 பைட் வைக்கலாம். துண்டுகளை ஒவ்வொன்றாக அனுப்புவது வீண் செலவு. கலியாண வீட்டில் சஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்வது போல இங்கே ஒரு பொதிக்கு ஏழு துண்டு. ஏழு 188 என்றால் 1,316. எட்டாவதையும் சேர்த்தால் 1,504. நாலே நாலு பைட் கூடிப்போகும், அதோடு முகவரிக்கும் இடமிருக்காது. அதனால் உலகம் முழுக்க ஏழுதான். விநாடிக்கு 4 மெகாபிட் எடுக்கும் ஒரு சாதாரண அலைவரிசை என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 2,660 துண்டு, அதாவது 380 பொதி. இதில் ஒரு பொதி வழியில் தொலைந்தால் ஏழு துண்டும் ஒன்றாகத் தொலையும். "மச்சான், ஒங்கட ஊட்டுல படம் நல்லா வருகுது, எங்கட ஊட்டுல மட்டும் ஏன் கட்டம் கட்டமா ஒடையுது?" என்று சகலன்மாருக்குள் வரும் கேள்விக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. தொலைந்த பொதியைத் திருப்பிக் கேட்க இந்த முறையில் நேரமும் இல்லை, ஏற்பாடும் இல்லை.

பிரான்சை இன்னொரு தடவை இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கல்முனையில் எந்தக் கடையில் கணினியைத் திருத்தக் கொடுத்தாலும் திரும்பி வரும்போது திரையில் செம்மஞ்சள் கூம்பு ஒன்று இருக்கும். வி.எல்.சி. அது படம் பார்க்கும் மென்பொருள் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். பிறந்தது நம்முடைய இதே கேள்வியிலிருந்து. 1996இல் பாரிஸுக்கு வெளியே, எகோல் சென்ட்ரால் என்ற பொறியியல் கல்லூரியின் விடுதி மாணவர்களுக்கு இருந்த வலையமைப்பு மிக மெதுவானது. கணினி விளையாட்டு சரியாக ஓடவில்லை. விளையாட்டுக்கு யார் காசு தருவார்? ஆளாளுக்கு ஒரு டிஷ், ஒரு டிகோடர் பெட்டி என்று செலவழிக்காமல் ஒரே டிஷ்ஷில் எடுத்து எல்லா அறைக்கும் வலையமைப்பில் அனுப்பலாம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். பூய்க் என்ற பெரிய நிறுவனக் குழுமம் கைகொடுத்தது. புதிய வலையமைப்பு வந்தது. அறையில் இருக்கும் கணினியில் படத்தைப் பிரித்துக் காட்ட எழுதியதுதான் வீடியோலான் கிளையண்ட், சுருக்கமாக வி.எல்.சி. கல்லூரி 2001 பெப்ரவரி 1ஆம் திகதி அதை உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்டது. கூம்பு எங்கிருந்து வந்தது என்றால், அந்த மாணவர் சங்கத்தார் வீதியில் வைக்கும் கூம்புகளைச் சேர்த்து வைத்திருந்தார்களாம்! பேசாமல் விளையாட மட்டும் ஆசைப்பட்டிருந்தால் நமக்கு வி.எல்.சி. கிடைத்திராது.

அந்த மென்பொருளில் 'நெட்வேர்க் ஸ்ட்ரீம்' என்று ஒரு வரி இருக்கும். படம் பார்க்கிறவர்களில் பாதிப்பேர் அதைத் தொட்டே இருக்க மாட்டார்கள். அந்த விடுதிக் காலத்து வேலையை இன்றும் செய்யும் வரி அது. டியூனர் பெட்டியின் முகவரியை அங்கே கொடுத்தால் படம் வரும்.

மூன்று வீட்டுக்கும் ஒரே படத்தை ஒரு தடவை மட்டும் அனுப்பினால் போதாதா, ஏன் மூன்று பிரதி என்று கேட்பவர்களுக்கு: மல்டிகாஸ்ட் என்ற முறை இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீவ் டீரிங் வகுத்தது, 1989இல் இணைய நியமமாக வெளிவந்தது. ஆயிரக்கணக்கான வீட்டுக்கு அனுப்பும் பியோ டிவி போன்ற சேவைக்கு அது இல்லாமல் முடியாது. மூன்று வீட்டு வளவுக்கு வேண்டாம் என்பது என் தீர்ப்பு. மூன்று பிரதி தனித்தனியாக அனுப்பினாலும் 12 மெகாபிட். சந்தையில் கிடைக்கும் மலிந்த சுவிட்ச்சே 100 தாங்கும். வயரில் விட்டால் படம் உடையாது.

வைஃபையில் விட்டால்? அங்கேதான் மல்டிகாஸ்ட் வில்லனாகிறது. ரவுட்டர் அதைத் தனக்குத் தெரிந்த ஆக மெதுவான வேகத்தில், கிடைத்ததா என்று கேட்காமலே வீசும். ஏன் அப்படி, அதைத் தடுக்க ரவுட்டரில் எதைத் திருப்ப வேண்டும், வீட்டுக்கு வீடு வயர் இழுப்பவர்கள் ஐப்பசி இடி மின்னலுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் இந்த வாரமே சொல்லியிருக்க வேண்டியவை. 188 இடத்தைத் தின்றுவிட்டது. அடுத்த வாரம் நேரே வைஃபைக்குத்தான் போகிறோம். அதுவரைக்கும் 'சிக்னல் போதாது' என்று கடைக்காரர் சொன்னதை நம்பி யாரும் புது ரவுட்டர் வாங்கிவிடாதீர்கள்.