கூண்டு நம்பர், ஆத்துத் தண்ணி, வாடைக் காத்து... வடசென்னையின் குளிர்காலம் இப்படித்தான் இருக்கும்!

“மெட்ராஸுக்கு ஏதுங்க குளிர்காலம்?” ராயபுரத்தில் யாரிடம் கேட்டாலும் முதலில் இந்தச் சிரிப்புதான் வரும். சிரிப்பிலும் நியாயம் இருக்கு. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். அதுவும் நூறு வருஷத்துக்கு முந்தின கதை. டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் 20, 22 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே நாம் போர்வை தேடுவோம். ஊட்டியில் இருக்கிறவங்களுக்கு உறைபனி என்றால், நமக்குக் குளிர்காலம் என்பது வேறு மூணு விஷயம்: மழை, கடல், புகை. இந்த மூணும் எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் வரும் விதமே தனி. டிவியில் “சென்னையில்...” என்று பொதுவாகச் சொல்லும் வானிலையில் அது பாதிதான் தெரியும்.

முதலில் மழை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூணாவது வாரத்தை ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை போகும். தமிழ்நாட்டுக்கு இந்த மூணு மாசத்தில் சராசரியாக 44 செ.மீ. கிடைக்கும். கடலோரத்தில் இருக்கும் சென்னைக்கோ சுமார் 80 செ.மீ. நம்ம வருஷ மழையில் பாதிக்கு மேல் இதுதான். “இது எல் நினோ வருஷம், மழை அதிகம்; லா நினா வருஷம், கம்மி” என்று வாட்ஸ்அப்பில் சுத்துமே, அதை ரொம்ப நம்பிடாதீங்க. 2021 லா நினா வருஷம். அந்த நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 100 செ.மீ.க்கு மேல் கொட்டியது. சீசன் கணிப்பு விவசாயத்துக்கும் ஏரிக்கும் உதவும். உங்க தெருவுக்கு உதவாது.

தெருவுக்கு உதவுவது அன்றன்றைய எச்சரிக்கை. செய்தியில் ‘கனமழை’ என்றால் 24 மணி நேரத்தில் சுமார் 7 முதல் 11 செ.மீ., ‘மிக கனமழை’ 12 முதல் 20 செ.மீ., ‘அதி கனமழை’ அதற்கும் மேல். இன்னொரு விஷயம், இந்தப் பருவத்தில் கடலோர மழை பெரும்பாலும் நடுராத்திரியிலிருந்து விடிகாலைக்குள்தான் வலுக்கும். கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும், ராத்திரி குளிர்ந்த நிலத்திலிருந்து கிளம்பும் காற்றும் கரையோரம் மோதிக்கொள்வது அதற்கு ஒரு காரணம். அதனால் சாயந்தரம் வானம் வெளுத்திருக்கேன்னு தரையில் இருக்கும் அரிசி மூட்டையை அப்படியே விட்டுட்டுத் தூங்கிடாதீங்க. (மழை மேகத்தைப் பார்க்கும் வானிலை ரேடார் நம்ம ஏரியாவில், ராஜாஜி சாலை துறைமுகக் கட்டடத்தின் உச்சியில்தான் சுத்திக்கிட்டிருக்கு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?)

ஆனால் கொருக்குப்பேட்டைக்காரருக்குப் போதுமான இந்தத் தகவல், சடையங்குப்பத்துக்காரருக்குப் போதாது. அங்கே மழை நின்ற பிறகும் தண்ணி வரும். பூண்டி ஏரியில் உபரி நீரைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் ஓடி, மணலி புதுநகர் ஓரமாக எண்ணூர் முகத்துவாரத்துக்குத்தான் வரணும். புழல் உபரியும் வடபெரும்பாக்கம், மணலி வழியாக வந்து அதே ஆற்றில் சேரும். அதனால் இந்தப் பகுதி மக்கள் மழை அளவைவிட ‘எத்தனை கன அடி திறந்திருக்காங்க’ என்பதைத்தான் பார்க்கணும். ஒரு கன அடி என்றால் நொடிக்கு 28 லிட்டர். அன்னைக்கு அமாவாசை, பௌர்ணமி ஓதம் வேற இருந்தால், கடல் உள்வாங்காமல் ஆற்றுத் தண்ணி தேங்கி நிற்கும்.

அடுத்து கூண்டு. “துறைமுகத்தில் 3-ம் எண் கூண்டு ஏத்திட்டாங்க” என்றதும் பதறுவோம். 1, 2 என்றால் புயல் சின்னம் தூரத்தில், நடுக்கடலில் இருக்கு. 3, 4 என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்றுக்கு வாய்ப்பு. 5, 6, 7-ல்தான் பலர் தப்பா புரிஞ்சுக்கறாங்க. 5-ஐவிட 7 பெரிய புயல் கிடையாது. புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரை கடக்கும், இல்லை நேராக மேலேயே வருமா என்ற வித்தியாசம்தான். தீவிரப் புயலுக்கு அதே வரிசையில் 8, 9, 10. 11 வந்தால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

“புயல் ஆந்திராவுக்குப் போயிடுச்சாம்” என்பதும் ஆறுதல் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் கரையைக் கடந்தது பாபட்லா பக்கம். அதற்கு முன்னாடியே, 3, 4 தேதிகளில் நம்மை முக்கி எடுத்துட்டுத்தான் போனது. அந்த வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து வந்த எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்து, வலை, படகு, வீட்டுச் சுவர் என எல்லாத்திலும் ஒட்டிக்கொண்டது. மத்த ஏரியாவில் வெள்ளம் வடிந்தால் சேறு மிஞ்சும். இங்கே தண்ணியில் வேற என்னென்ன வருது என்பதையும் பார்க்கணும். வெள்ளத்தில் எண்ணெய் வாடை அடித்தால் வெறுங்காலோடு இறங்காதீங்க, குழந்தைகளை விடவே விடாதீங்க.

இனி, யாரும் வானிலையாகவே கணக்கில் எடுத்துக்காத விஷயம். மழை விட்டதும் மார்கழி பிறக்கும். ‘அப்பாடா, சில்லுனு இருக்கு’ என்று நினைக்கும் அந்த விடிகாலைதான் வடசென்னையில் மூச்சுக்கு மோசமான நேரம். ஏன்?

சாதாரணமாக நிலத்தை ஒட்டிய காற்று சூடாக இருக்கும். மேலே போகப் போகக் குளிரும். அதனால் புகை மேலே ஏறிக் கலைந்துவிடும். மேகமில்லாத குளிர்கால ராத்திரியில் இது தலைகீழாகும். தரை சீக்கிரம் குளிர்ந்து, கீழே குளிர்காற்றும் அதன் மேல் சூடான காற்றும் நிற்கும். சட்டியை மூடி போட்டு மூடின மாதிரி. உள்ளே லாரிப் புகை, ஆலைப் புகை, சாம்பல் தூசி எல்லாம் அடைந்து கிடக்கும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் மூடி திறக்கும்.

இதோடு காற்றின் திசையும் சேரணும். கோடையில் தெற்குக் காற்று எண்ணூர் பக்கத்து அனல்மின் நிலையங்களின் புகையைப் பொன்னேரி பக்கம் தள்ளிவிடும். குளிர்காலத்தில் வீசுவதோ மீனவர்கள் வாடை என்று சொல்லும் வடக்கத்திக் காற்று. அது அதே புகையைத் தெற்கே, கத்திவாக்கம், திருவொற்றியூர் மேல் கொண்டு வரும். விடிகாலையில் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்று மேற்கே இருக்கும் மணலியைத் தாண்டித்தான் வரணும். ஆக, திருவொற்றியூர்வாசிக்கு இரண்டு பக்கமும் இடி.

2023 டிசம்பர் 26 நடுராத்திரி எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த மாதிரி நேரத்தில் முதலில் பார்க்க வேண்டியது காற்று எந்தப் பக்கம் அடிக்குது என்பதை. காற்று போகிற திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும். அதற்குக் குறுக்காக விலகிப் போகணும், மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு. ஒவ்வொரு குப்பத்திலும் ஒரு கம்பத்தில் காற்றுத் திசை காட்டும் துணிக்குழாய் கட்டி வைப்பது பெரிய செலவே இல்லை. பள்ளிக்கூட மாடியில்கூடக் கட்டலாம்.

தினசரிக்கு? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ ஆப்பில் ராயபுரம், மணலி, கொடுங்கையூர் அளவுகள் தனித்தனியாக வரும். ‘சென்னை’ என்று மொத்தமாகப் பார்க்காமல் உங்க பக்கத்து நிலையத்தைப் பாருங்க. குறியீடு 100-க்குள் இருந்தால் பரவாயில்லை; 200-ஐத் தாண்டினால் ஆஸ்துமா இருக்கிறவங்க வெளியே போறதைத் தள்ளிப்போடுங்க. ஆப் வேண்டாமா? விடிகாலை மொட்டைமாடிக்கு ஏறிப் பாருங்க. புகை நேராக மேலே போனால் சரி. கொஞ்ச தூரம் ஏறி, அப்புறம் தட்டையாகப் படுத்துக்கிட்டால், மூடி போட்டாச்சு. அன்னைக்கு அஞ்சு மணி வாக்கிங்கை ஒன்பதுக்கு மாத்துங்க. இழுப்பு இருக்கிற பாட்டி மார்கழிக் கோலத்தை வெயில் வந்த பிறகு போட்டால் சாமி கோபிச்சுக்காது. போகி அன்னைக்கு மட்டும் ஜன்னலைச் சாத்திட்டு இன்ஹேலரைத் தலைமாட்டிலேயே வெச்சிடுங்க.